எது ஆறு? எது துணையாறு? யெனிசி நதியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

பூகோள நூல்களில் ஆறுகளைப் பற்றிய பகுதிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஆற்றின் பெயர், அது ஊற்றெடுக்கும் மலை, அது பாயும் தூரம், அது கலக்கும் கடல் ஆகியன முதலிற் கூறப்படும். அவற்றின் கீழே இடக்கரைத் துணையாறுகள், வலக்கரைத் துணையாறுகள் என்று சில பெயர்கள் நிரல்படுத்தப்படும். மாணவர் அவற்றை மனனஞ் செய்வர். பரீட்சை முடிந்ததும் மறப்பர். இந்நிரலில் ஆராய்ச்சிக்குரியது எதுவும் இருப்பதாக எவருக்கும் தோன்றுவதில்லை. மலையும் நீரும் மனிதரின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டவையல்லவா? ஆனால், இரு நீர்ப்பெருக்குகள் ஒன்றுகூடும் இடத்திலே எது தன் பெயரோடு மேலுஞ் செல்லும், எது தன் பெயரை அங்கேயே இழக்கும் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை, மனிதர் தீர்மானிக்கின்றனர். எந்த மனிதர், எக்காலத்தில், எத்தேவை கருதித் தீர்மானித்தனர் என்று வினவத் தொடங்கியதும் பூகோளம் வரலாறாகிவிடுகின்றது.

சைபீரியாவின் நடுவே தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்து, ஆர்க்டிக் சமுத்திரத்தின் கூறாகிய காராக் கடலிற் கலக்கும் யெனிசி நதி இதற்குத் தக்க சான்றாகும். தூவா நாட்டின் தலைநகராகிய கிசில் அருகே பெரிய யெனிசி, சிறிய யெனிசி என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்திலிருந்து கணக்கிட்டால் இதன் நீளம் 3,487 கிலோமீற்றர். இதன் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 25 இலட்சத்து 80 ஆயிரம் சதுர கிலோமீற்றர். ஆர்க்டிக் சமுத்திரத்துக்கு நீர் கொண்டு செல்லும் ஆறுகளுள் நீர்ப்பெருக்கில் இதுவே முதன்மையானது. சராசரியாக விநாடிக்கு 19,000 கன மீற்றருக்கும் கூடுதலான நீரை இது கடலிற் சேர்க்கின்றது.

கிராஸ்நோயார்ஸ்க் நகருக்கு வடக்கே, ஸ்திரெல்கா என்னும் சிற்றூரின் அருகில், கிழக்கிலிருந்து வரும் அங்காரா யெனிசியோடு கூடுகின்றது. பூகோள நூல்கள் அங்காராவை யெனிசியின் துணையாறென்றே குறிக்கின்றன. ஆயின் அக்கூடலிற் கூடுதலான நீரைக் கொண்டுவந்து சேர்ப்பது அங்காராவே. நீளத்தை நோக்கினும் முடிவு அதுதான். அங்காரா வழியாகப் பைக்கால் ஏரிக்குச் சென்று, அவ்வேரியில் விழும் செலெங்கா ஆற்றையும் அதன் தலைப்பாகிய இதெர் ஆற்றையும் பின்பற்றி மொங்கோலியா வரை அளந்தால், கடலிலிருந்து ஏறத்தாழ 5,500 கிலோமீற்றர் வருகின்றது. இக்கணக்கின்படி யெனிசிதான் அங்காராவிற் கலக்கின்றது என்று கூறுதல் வேண்டும். மறுபக்கத்து நியாயமும் உண்டு. யெனிசி தான் வந்த திசையிலேயே தொடர்ந்து வடக்கே செல்ல, அங்காரா பக்கவாட்டில் வந்து சேர்கின்றது. ஆகவே பள்ளத்தாக்கு யெனிசிக்கே உரியது என வாதிடுவோர் உளர். இவ்வாதங்களுள் எது வலியதாயினும், பெயர் நிலைபெற்றது வாதத்தினால் அன்று. எவரும் நீரை அளப்பதற்கு நெடுங்காலம் முன்னரே பெயர் வழங்கிவிட்டது.

பைக்கால் கரையிலே புரியாத் மக்களிடையே வழங்கும் கதையொன்று இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. பைக்கால் என்னும் முதியவனுக்கு மகன்மார் முந்நூற்றுக்கு மேற்பட்டோர், மகள் ஒருத்தியே. மகன்மார் அனைவரும் தத்தம் நீரைத் தந்தைக்குக் கொண்டுவந்து கொடுப்பர். ஒரே மகளாகிய அங்காரா, யெனிசி என்னும் இளைஞன்மீது காதல்கொண்டு இரவோடிரவாகத் தந்தையின் இல்லத்தை விட்டு ஓடுகின்றாள். சினங்கொண்ட தந்தை பெரும்பாறையொன்றைப் பெயர்த்து அவளைத் தடுக்க எறிகின்றான். அங்காரா ஏரியினின்று வெளிப்படும் வாயிலில் உள்ள சாமன் கல் என்னும் பாறை அதுவே என்பர். கதையிற் பூகோளம் பிழையின்றி அமைந்துள்ளது. பைக்காலில் விழும் ஆறுகள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை. அதனின்று வெளியேறுவது அங்காரா ஒன்றே. சமூகமும் பிழையின்றி அமைந்துள்ளது. கூடுதலான நீரைக் கொண்டுவந்தவள் மணமகளாதலின், கூடலுக்கு அப்பால் அவளுக்குப் பெயரில்லை. தந்தையின் பாறைக்குத் தப்பியவள் கணவனின் பெயருள் மறைந்துபோகின்றாள். துணையாறு என்ற சொல்லைக் கையாளும்போது இக்கதையையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

*

யெனிசியின் போக்கினைச் சுருக்கமாக அறிந்துகொள்ளாமல் அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. கிசிலிலிருந்து புறப்படும் ஆறு சயான் மலைத்தொடரை ஊடறுத்து, ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே விரைந்து இறங்குகின்றது. மலையை விட்டு வெளியே வந்ததும் மினுசின்ஸ்க் வடிநிலம் விரிகின்றது. புல்வெளியும் வளமான மண்ணும் கொண்ட இந்நிலப்பகுதியில் மேற்கேயிருந்து அபக்கான் ஆறு வந்து சேர்கின்றது. மேலும் வடக்கே கிராஸ்நோயார்ஸ்க், அதற்கப்பால் அங்காரா. அதன்பின் வலக்கரையிலே கற்றுங்குஸ்கா, கீழ்த்துங்குஸ்கா, குரெய்க்கா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. கீழ்த்துங்குஸ்காவின் நீளம் மாத்திரமே 2,989 கிலோமீற்றர். வேறொரு நாட்டில் இருந்திருப்பின் அது பேராறென்று போற்றப்பட்டிருக்கும். வட துருவ வட்டத்துக்கு அப்பால் இகார்க்கா, துதிங்கா ஆகிய துறைமுகங்களைக் கடந்து, அகன்ற கழிமுகத்தின் வழியே ஆறு கடலை அடைகின்றது. கடலோடும் கப்பல்கள் இகார்க்கா வரை ஆற்றில் ஏறிவர வல்லவை.

இங்கு இரண்டு இயல்புகள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, யெனிசியின் இரு கரைகளும் சமமானவையல்ல. மேற்குக் கரைக்கு அப்பால் மேற்குச் சைபீரியச் சமவெளி கிடக்கின்றது. அங்கிருந்து வரும் ஆறுகள் சிறியன. கிழக்குக் கரையில் நடுச்சைபீரிய மேட்டுநிலம் எழுந்து நிற்கின்றது. பெருந்துணையாறுகள் யாவும் அங்கிருந்தே வருகின்றன. வலக்கரை நீரேந்து பரப்பு இடக்கரையினதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது. அதாவது, யெனிசியைப் பேராறாக்கியவை கிழக்கிலிருந்து வரும் ஆறுகளே. இரண்டாவது, ஆறு வெப்பங் கூடிய தெற்கிலிருந்து குளிர் மிகுந்த வடக்கு நோக்கிப் பாய்கின்றது. வசந்தகாலத்தில் மேற்பகுதியிலே பனிக்கட்டி உருகி நீர் பெருகும்போது கீழ்ப்பகுதி இன்னும் உறைந்தே கிடக்கும். மேலிருந்து வரும் வெள்ளமும் உடைந்த பனிப்பாளங்களும் கீழே முட்டிமோதிக் கரைகளை மூழ்கடிக்கும். ஆண்டுதோறும் அங்கு வாழ்ந்த மக்கள் இதனை அறிந்து, இதற்கேற்பத் தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டனர்.

அம்மக்கள் யாவர்? யெனிசியின் நடுப்பகுதியிலே மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தோர் கெத் மக்கள். அவர்களது மொழி, சூழவுள்ள மொழிகள் எதனோடும் உறவற்றது. யெனிசி மொழிக்குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது அஃதொன்றே. வட அமெரிக்கப் பழங்குடியினர் சிலரின் மொழிகளோடு அதற்கு உறவுண்டு என்ற கருத்தை எட்வேர்ட் வைடா என்னும் மொழியியலாளர் 2008 இல் முன்வைத்தார். அறிஞரிடையே அதுபற்றி விவாதம் நிகழ்ந்தது. 2010 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ருஷ்யாவிலிருந்த கெத் மக்கள் 1,219 பேர். கிழக்கு மேட்டுநிலக் காடுகளிலே கலைமான்களோடு நெடுந்தூரம் நடமாடியோர் எவெங்கியர். தெற்கே மினுசின்ஸ்க் புல்வெளியில் யெனிசிக் கிர்கிசியர் ஒரு காலத்தில் அரசமைத்து வாழ்ந்தனர். அங்குள்ள கல்வெட்டுக்கள் எழுத்தறிவு அம்மண்ணுக்குப் புதியதன்று என்பதைப் பறைசாற்றுகின்றன. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் கண்ணிற்பட்ட அவ்வெழுத்தினை, மொங்கோலியாவின் ஒர்க்கோன் கல்வெட்டுக்களின் துணையுடன் டென்மார்க் நாட்டறிஞர் வில்ஹெல்ம் தொம்சன் 1893 இல் வாசித்தறிந்தார். அது பழந்துருக்கிய மொழி.

துங்குஸ்கா என்ற பெயரை நோக்குவோம். எவெங்கியரைப் பிறர் அழைத்த பெயர் துங்குஸ் என்பது. அவர்கள் தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டாரல்லர். கிழக்கிலிருந்து வந்த மூன்று பெரிய ஆறுகளுக்கும் ருஷ்யர் இட்ட பெயர்கள் மேல் துங்குஸ்கா, கற்றுங்குஸ்கா, கீழ்த்துங்குஸ்கா என்பன. இவற்றுள் மேல் துங்குஸ்கா என்பது அங்காராவின் கீழ்ப்பகுதியே. அன்றைய வந்தேறிகளின் கண்ணில் யெனிசி என்பது ஒரே நெடுந்தெரு. கிழக்கேயிருந்து வந்த ஆறுகள், ‘துங்குஸ் நாட்டுக்கு’ இட்டுச்செல்லும் முதலாம், இரண்டாம், மூன்றாம் சந்துகள். நீரை நோக்காது தம் பயணத்தை நோக்கி அவர்கள் பெயரிட்டனர். எது ஆறு, எது துணையாறு என்ற தீர்ப்பு மேற்கிலிருந்து வந்தோரின் பயணத் திசையிலேயே அடங்கியிருந்தது. இனி அப்பயணத்தின் நோக்கத்தைக் காண்போம்.

*

அந்நோக்கம் சேபிள் என்னும் சிறு விலங்கின் தோல். மரநாயினத்தைச் சேர்ந்த இவ்விலங்கின் மென்மயிர்த் தோலுக்கு ஐரோப்பியச் சந்தைகளிலும் ஆசியச் சந்தைகளிலும் பெருவிலை கிடைத்தது. வனங்களைக் கடப்பது அரிது. ஆறுகளோ வேனிலிற் படகு செல்லும் வழிகளாகவும் மாரியிற் சறுக்குவண்டி செல்லும் வழிகளாகவும் அமைந்தன. ஓர் ஆற்றின் துணையாறு வழியே மேலேறி, அடுத்த ஆற்றின் துணையாறு அண்மையில் வரும் இடத்திலே படகையும் பண்டத்தையும் தரைவழியே சுமந்து மறுபுறம் இறங்குவதே கொசாக்கு வீரரின் முறை. ஓப் ஆற்றின் துணையாறாகிய கெத் ஆற்றின் வழியே வந்தோர் 1618 இல் மக்கோவ்ஸ்க் கோட்டையையும், தரையைக் கடந்து 1619 இல் யெனிசெய்ஸ்க் கோட்டையையும் அமைத்தனர். அங்கிருந்து அங்காராவில் ஏறி, அதன் துணையாறாகிய இலிம் வழியே சென்று, மீண்டும் தரையைக் கடந்தால் லேனா ஆறு. வடக்கே மங்கசேயாவிலிருந்து வந்தோர் கீழ்த்துங்குஸ்காவின் வழியே லேனாவை எட்டினர். கிராஸ்நோயார்ஸ்க் 1628 இலும் அங்காராக் கரையிலே பிராத்ஸ்க் கோட்டை 1631 இலும் எழுந்தன. இவான் மொஸ்க்வித்தின் தலைமையிற் சென்ற குழு 1639 இல் ஒகோத்ஸ்க் கடலைக் கண்டது. யெனிசெய்ஸ்க் அமைந்து இருபதே ஆண்டுகளிற் பசிபிக் சமுத்திரம்!

இவ்வேகத்தை வீரதீரமென வியந்தெழுதிய வரலாற்றாசிரியர் பலர். கொசாக்குகள் உறைபனியையும் பசியையும் தாங்கினர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களை உந்திய விசை யாது? ஒரு வனத்திலே சேபிள் அருகியதும் அடுத்த வனத்துக்குச் செல்லவேண்டியிருந்தது. ‘யசாக்’ என்னும் திறை ஒவ்வொரு வேட்டைக்காரன்மீதும் தோற்கணக்கில் விதிக்கப்பட்டது. திறையை உறுதிப்படுத்தக் குலத்தலைவர்களும் அவர்தம் மைந்தரும் பிணையாகக் கோட்டைகளில் அடைக்கப்பட்டனர். வேட்டையாடித் தன் குடும்பத்தைக் காத்தவன், இப்போது அரசனின் களஞ்சியத்துக்காக வேட்டையாடினான். பெரியம்மை முதலிய புதிய நோய்கள் குடியிருப்புக்களை அழித்தன. எதிர்ப்பும் இல்லாமலில்லை. யெனிசிக் கிர்கிசியர் 17 ஆம் நூற்றாண்டு முழுவதும் கிராஸ்நோயார்ஸ்க் கோட்டையை மீண்டும் மீண்டும் தாக்கினர். ஈற்றில் 1703 இல் அவர்களிற் பெரும்பாலோரைச் சுங்காரியர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். யெனிசிக் கரையில் அவர்களது ஆட்சி முடிவுற்றது. துணையாறுகள் நீரைக் கொண்டுவந்து பேராற்றிற் சேர்ப்பதுபோல், துணையாற்று மக்கள் தோலைக் கொண்டுவந்து கோட்டைகளிற் சேர்த்தனர். ஓடிய திசை மாத்திரம் வேறு: நீர் வடக்கே கடலுக்குச் சென்றது; தோல் மேற்கே மொஸ்கோவுக்குச் சென்றது.

*

தோல் அருகியபின் சார் அரசு சைபீரியாவுக்கு வேறொரு பயனைக் கண்டது. மதிலற்ற சிறையாக அது பயன்பட்டது. 1825 டிசம்பர்க் கிளர்ச்சியில் ஈடுபட்டோர் சிலர் பிற்காலத்தில் மினுசின்ஸ்க் பகுதியிற் குடியமர்த்தப்பட்டனர். யெனிசியில் ஓடிய ‘புனித நிக்கலாய்’ என்னும் நீராவிக் கப்பல் வரலாற்றின் முரண்நகை ஒன்றைச் சுமந்தது. கிழக்கு நாடுகளைச் சுற்றிவிட்டுச் சைபீரியா வழியே தலைநகர் திரும்பிய முடிக்குரிய இளவரசர் நிக்கலாய் 1891 இல் அக்கப்பலில் ஏறினார். 1897 இல் அதே கப்பல் கிராஸ்நோயார்ஸ்கிலிருந்து மினுசின்ஸ்க் நோக்கி லெனினைக் கொண்டு சென்றது. சூஷென்ஸ்கொயே கிராமத்திலே 1900 வரை வாழ்ந்த லெனின், அங்கிருந்தபடியே ‘ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ என்ற நூலை எழுதி முடித்தார். 1899 இல் அது வெளிவந்தது. மார்த்தியானவ் என்னும் மருந்தாளர் 1877 இல் மினுசின்ஸ்கில் நிறுவிய அரும்பொருட்சாலையும் அதன் நூலகமும் நாடுகடத்தப்பட்டோருக்குப் பெருந்துணையாயின. லெனினோடு அதே கப்பலிற் சென்ற கைதிகளுள் கிர்ஷிஷானோவ்ஸ்கி என்னும் பொறியியலாளரும் ஒருவர். இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க.

வடக்கே துருஹான்ஸ்க் பகுதிக்கு 1913 இல் ஸ்டாலின் அனுப்பப்பட்டார். துருவ வட்டத்தை ஒட்டி, குரெய்க்கா ஆறு யெனிசியிற் சேரும் சிற்றூரில் 1914 முதல் 1916 வரை வாழ்ந்தார். புரட்சி வென்றது. கைதியாயிருந்தவர் அதிகாரத்தில் அமர்ந்தார். ஆனால் ஆற்றில் கைதிகளின் பயணம் நிற்கவில்லை என்பதே நாம் இங்கு நேருக்கு நேர் நோக்கவேண்டிய உண்மை. 1935 இல் நொரில்ஸ்கில் உலோகத் தொழிலுக்கான உழைப்பு முகாம் நிறுவப்பட்டது. கிராஸ்நோயார்ஸ்கிலிருந்து துதிங்கா வரை பாரந்தூக்கி மிதவைகளின் அடித்தளங்களிலே கைதிகள் கொண்டுசெல்லப்பட்டனர். உறைநிலத்தின்மீது நிக்கலும் செம்பும் உருக்கும் நகரம் அவர்களின் கைகளால் எழுந்தது. 1940களின் இறுதியிற் சலெஹார்ட் நகரையும் இகார்க்காவையும் இணைக்கும் துருவ இருப்புப்பாதை தொடங்கப்பட்டது. கைதிகள் கொசுக்கூட்டத்திலும் உறைபனியிலும் இட்ட அப்பாதை, 1953 இல் ஸ்டாலின் மறைந்த சில வாரங்களிலே கைவிடப்பட்டது. துருவேறிய இயந்திரங்களும் வளைந்த தண்டவாளங்களும் அக்காட்டிற் கிடந்தன. அதே 1953 இன் வேனிலிலே நொரில்ஸ்க் கைதிகள் வேலைநிறுத்தஞ் செய்தெழுந்தனர்; எழுச்சி ஆயுதபலத்தால் அடக்கப்பட்டது. குரெய்க்காவிலே ஸ்டாலின் வாழ்ந்த குடிசையின்மேல் கைதிகளின் உழைப்பால் எழுப்பப்பட்ட நினைவு மண்டபம், பின்னர் பாழடைந்து, 1996 இல் தீக்கிரையாயிற்று.

இவற்றை எழுதுவது எதிரிகளுக்கு ஆயுதம் வழங்குவதாகும் எனச் சில நண்பர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. உழைப்பவன் பக்கம் நின்று வரலாற்றை நோக்குவோம் என்று கூறுவோர், காவலாளியின் கொடியினது நிறத்தைப் பார்த்தபின் உழைப்பவனைக் கணக்கிலெடுப்பதா இல்லையா என முடிவுசெய்தல் ஆகாது. சார் மன்னனின் கோட்டையிற் பிணையாயிருந்த எவெங்கிச் சிறுவனுக்கும் துதிங்கா மிதவையில் அடைக்கப்பட்ட கைதிக்கும் நாம் காட்டவேண்டிய நேர்மை ஒன்றே. அந்நேர்மை இல்லையேல், அடுத்து நாம் கூறப்போகும் சாதனைகளைக் கூறுவதற்கும் நமக்கு உரிமையில்லை.

*

அச்சாதனைகள் மெய்யானவை. ‘புனித நிக்கலாய்’ கப்பலிற் கைதியாகச் சென்ற கிர்ஷிஷானோவ்ஸ்கியே, 1920 இல் நாடு முழுவதையும் மின்மயமாக்குவதற்கான அரசாணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். நாடுகடத்தப்பட்ட பொறியியலாளர் கண்ட ஆறு, ஒரு தலைமுறைக்குப் பின் மின்னாற்றலின் ஊற்றாயிற்று. இதற்கு அங்காரா பெரிதும் ஏற்றது. ஏனைய சைபீரிய ஆறுகள் வேனிலிற் பெருகி மாரியில் மெலியும். அங்காராவுக்கோ பின்னாலே பைக்கால் இருக்கின்றது. 1,642 மீற்றர் ஆழமும், உலகின் மேற்பரப்பிலுள்ள உறையாத நன்னீரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கும் கொண்ட ஏரி அது. ஆகவே அங்காரா ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் ஓடுகின்றது. இர்குத்ஸ்க் நிலையம் 1956 இல் மின் வழங்கத் தொடங்கியது. பிராத்ஸ்க் நிலையத்தின் வேலை 1954 இல் தொடங்கி, முதல் இயந்திரம் 1961 இற் சுழன்றது. அதன் ஆற்றல் 4,500 மெகாவாற்று. யெனிசியில் 1967 இல் இயங்கத் தொடங்கிய கிராஸ்நோயார்ஸ்க் நிலையம் 6,000 மெகாவாற்று ஆற்றலுடையது. சயான் மலையிடுக்கிலே 240 மீற்றருக்கு மேல் உயர்ந்த அணையோடு அமைந்த சயான்–சூஷென்ஸ்கொயே நிலையம் 1978 இல் முதன்முதல் மின் வழங்கியது. கூடாரங்களில் உறைபனி மாரிகளைக் கழித்து, இளைஞரும் யுவதிகளும் இவற்றைக் கட்டினர். அவர்களிற் பலர் உளமார நம்பிக்கையோடு வந்தோர். அந்நம்பிக்கையை இகழ்வது நமக்குத் தகாது.

ஆனால் அணையின் பின்னே தேங்கிய நீர் எங்கே நின்றது? பிராத்ஸ்க் நீர்த்தேக்கத்தின் பரப்பு மாத்திரம் 5,400 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அங்காராவின் இரு கரைகளிலும் பல தலைமுறைகளாக உழுது வாழ்ந்த கிராமங்கள், வயல்கள், இடுகாடுகள், தீவுகள் யாவும் அதனுள் மூழ்கின. வீடுகள் கழற்றி மேட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. அங்காராக் கரையிலே 1937 இற் பிறந்த வலந்தீன் ரஸ்பூத்தின், தான் வளர்ந்த கிராமம் இவ்வாறு இடம்பெயர்ந்ததை அறிந்தவர். ‘மத்தியோராவுக்கு விடை’ என்னும் அவரது நாவல் 1976 இல் வெளிவந்தது. மூழ்கவிருக்கும் தீவொன்றிலே இறுதி வேனிலைக் கழிக்கும் முதிய பெண்களின் கதை அது. அதே 1976 இல், யெனிசிக் கரையிற் பிறந்த விக்தர் அஸ்தாஃபியேவ் ‘மீனரசன்’ என்னும் படைப்பை வெளியிட்டார். ஆற்றையும் வனத்தையும் வரம்பின்றிச் சூறையாடும் மனிதன் தன்னையும் அழித்துக்கொள்கின்றான் என்பதே அதன் உட்பொருள். இவ்விரண்டும் சோவியத் நாட்டிலேயே அச்சேறின. ‘மீனரசன்’ 1978 இல் அரச பரிசும் பெற்றது. இலக்கியம் அன்று ஆற்றின் மூழ்கிய பக்கத்திலிருந்து பேசியது. திட்டமிடுவோர் அக்குரலைச் செவிமடுத்தது அரிது.

ஆற்றின் இயல்பும் மாறியது. கிராஸ்நோயார்ஸ்க் அணையினின்று மாரியில் வெளிவரும் நீர் ஆழத்திலிருந்து வருவதாதலின் உறைவதில்லை. அணைக்குக் கீழே நெடுந்தூரம் ஆறு திறந்தே கிடக்க, கடுங்குளிரில் மூடுபனி எழுந்து நகரைச் சூழ்கின்றது. இர்குத்ஸ்க் அணையால் பைக்காலின் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்ந்தது. தந்தை எறிந்ததாகக் கதை கூறும் சாமன் கல்லின் உச்சி மாத்திரமே இப்போது நீருக்கு மேலே தெரிகின்றது.

1991 இல் சோவியத் யூனியன் கலைந்தது. எத்தனையோ பேரின் வியர்வையால் எழுந்த நிலையங்களிற் பலவும், அவற்றின் மின்னைக் கொண்டு இயங்கிய பிராத்ஸ்க், கிராஸ்நோயார்ஸ்க் அலுமினியத் தொழிற்சாலைகளும் 1990களில் தனியார் கைக்குச் சென்றன. மூழ்கிய கிராமம் மூழ்கியபடியே இருந்தது. அதனால் விளைந்த செல்வத்துக்கு மாத்திரம் புதிய உரிமையாளர் தோன்றினர். 2009 ஆகஸ்ட் 17 ஆம் தேதி சயான்–சூஷென்ஸ்கொயே நிலையத்தில் இயந்திரமொன்று பெயர்ந்தெழுந்து, இயந்திரக்கூடம் வெள்ளத்தில் மூழ்கி 75 பேர் மாண்டனர். சோவியத் காலத்தில் தொடங்கி இடையிற் கைவிடப்பட்ட பகுச்சானி அணை அங்காராவிலே மீண்டும் கட்டியெழுப்பப்பட்டு 2012 இல் இயங்கத் தொடங்கியது. அதற்காகப் பழங்கிராமமாகிய கெஷ்மா மூழ்கியது. ஆட்சி மாறியது, உடைமை மாறியது; ஆனால் மூழ்கவேண்டியவர் யாரென்ற தீர்ப்பு மாறவில்லை.

ஓரிடத்தில் மாத்திரம் தீர்ப்பு வேறாயிற்று. கீழ்த்துங்குஸ்காவிலே பேரணையொன்று கட்டும் திட்டம் 1980களில் எழுந்தது. 2000களில் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. நிறைவேறியிருப்பின் எவெங்கியரின் வனமும் கலைமான் மேய்ச்சல் நிலமும் பெரும்பரப்பில் மூழ்கியிருக்கும். எவெங்கியரும் அறிவியலாளரும் எழுத்தாளரும் எதிர்த்தனர். பொருளாதாரக் காரணங்களும் சேர்ந்துகொள்ள, இருமுறையும் திட்டம் கைகூடவில்லை. நானூறு ஆண்டு வரலாற்றிலே துணையாற்றங்கரை மக்களின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் நிறையுண்டு என்று தோன்றிய அரிய தருணம் அது.

*

மின்னாற்றல் வேண்டாம், அணைகள் வேண்டாம், பழங்காலமே பொற்காலம் என்று கூறுவது நமது நோக்கமன்று. இருளிற் கிடந்த நாட்டுக்கு ஒளி வேண்டும் என்றோர் மானுட நேயத்தோடுதான் அதனைக் கூறினர். எவெங்கி மொழிக்கு 1930களில் எழுத்தும் பாடநூலும் கிடைத்ததை எவ்வாறு மறக்கலாம்? அதே வேளை, விடுதிப் பள்ளிகளிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பெற்றோரையும் வனத்தையும் பிரிந்து, மொழியையும் படிப்படியாக இழந்ததை எவ்வாறு மறைக்கலாம்? இரண்டையும் ஒருங்கே கூறுவதற்கு வேண்டிய துணிவே வரலாற்றாசிரியனுக்கு முதற்றகுதி. முன்னேற்றம் என்பது யாது என்று கேட்பதோடு, அதன் விலையைச் செலுத்தியவர் யார், அவரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதா, பயன் யாரிடம் சென்றது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். இக்கேள்விகளைப் பிறரது ஆட்சிகளை நோக்கிக் கேட்பது எளிது. நாம் நேசிக்கும் இலட்சியத்தின் பெயரால் நடந்தவற்றை நோக்கியும் கேட்கும்போதே அவை கேள்விகளாகின்றன.

ஆசிரியராயுள்ளோர்க்கு ஒரு வார்த்தை. வகுப்பிலே ஆறுகளைக் கற்பிக்கும்போது படத்தில் நீலக்கோட்டைக் காட்டிப் பெயரை மாத்திரம் கூறி அமையாது, இரு கோடுகள் சந்திக்கும் இடத்திற் சற்று நின்று, “இவற்றுள் எது ஆறு? யார் சொன்னார்?” என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு விடை தேடப் புகும் மாணவன் நீரளவிலிருந்து தொடங்கிச் சேபிள் தோலுக்கும், திறைக்கும், கைதி மிதவைக்கும், மூழ்கிய கிராமத்துக்கும் வந்து சேர்வான். அங்கிருந்து தன்னைச் சூழவுள்ள சமூகத்தை நோக்கவும் அவன் கற்றுக்கொள்வான். ஸ்திரெல்காவில் இன்றும் அங்காராவின் நீரே கூடுதலாக வந்து சேர்கின்றது. அதற்கப்பால் கடல்வரை அது யெனிசியின் பெயரிலேயே செல்கின்றது. பெயரை மாற்றவேண்டுமென்று நாம் கோரவில்லை. நீர் எங்கிருந்து வந்தது என்பதை மறவாதிருத்தல் வேண்டும் என்றே கோருகின்றோம்.